மடை தூர்ந்தால் கண்மாய் இருந்தென்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “கம்ப்யூட்டர்ல சேமிக்கிறதப் பத்தியும், அதுல வர்ற வார்த்தைகளப் பத்தியும் கொஞ்சம் பேசுங்கண்ணே” என்றார். “அதுக்குத் துறைப் பேராசிரியர்கள் இருக்காங்களே” என்றேன். “அவங்க பேசுனா பசங்களுக்குப் புரியும். நீங்க பேசுனா நமக்கும் புரியும்” என்றார். அந்தத் தைரியத்தில் வந்து நிற்கிறேன்.

நான் இங்கே இயற்பியல் படித்தவன். படித்து முடித்துச் சில ஆண்டுகள் கழித்து, கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு டி.டி.பி. கடை வைத்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, இந்தச் சங்கத்தின் பழைய மலர்கள் சில என்று எல்லாம் அடித்துக் கொடுத்தவன். எனக்குத் தெரிந்தது கைத்தொழில்காரனுக்குத் தெரிந்த அளவுதான். அதையும் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தவறைத்தான் இந்தப் பெட்டியில் கொண்டு வந்திருக்கிறேன்.

(பெட்டியைத் திறந்து காட்டினார்.)

பெரியவர்களுக்குப் பார்த்தவுடனே தெரியும். சின்னப் பிள்ளைகள் இதைக் கணிப்பொறித் திரையில் ‘சேவ்’ பொத்தான் படமாகத்தான் பார்த்திருப்பீர்கள். இதுதான் நிஜமான ஃப்ளாப்பி. மூன்றரை அங்குலம். மொத்தம் 12 இருக்கிறது.

பெட்டியின் கதை

1997ஆம் ஆண்டு. நம் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் என் கடைக்கு வந்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்களில் பலருக்குச் சொல்லாமலே தெரியும். ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம், கந்தர்வகோட்டைப் பக்கத்து ஊர்களுக்குச் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலுமாக 20 ஆண்டுகள் அலைந்து, விவசாயிகள் வாயில் வழங்கும் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தார். கமலை, சால், தும்பி, வடம், வால்கயிறு என்று கிணற்றடிச் சொற்கள், கண்மாய்ச் சொற்கள், மாட்டு நிறங்களின் பெயர்கள். எல்லாம் கோடு போட்ட நோட்டுகளில், பச்சை மசியில்.

“தம்பி, இத அச்சுக்கு ஏத்த மாதிரி அடிச்சு வச்சிரு. பணம் சேர்ந்ததும் புத்தகமாப் போட்டுக்கலாம்” என்றார். இரவு இரவாக உட்கார்ந்து அடித்தேன். பணம் சேரவில்லை. ஐயாவும் காலமானார். ஃப்ளாப்பிகளை அவர் வீட்டில் கொடுத்துவிட்டேன்; நோட்டுகள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன.

2018 நவம்பர் 16, கஜா புயல். நம் மாவட்டத்தில் தென்னை சாய்ந்ததும் ஓடு பறந்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐயா வீட்டுக் கூரையும் போயிற்று. நோட்டுகள் ஊறிக் கூழாயின. சில மாதம் கழித்து அவர் மகள் இந்தப் பெட்டியோடு வந்தார். “அண்ணே, அப்பா எழுதுனதெல்லாம் இதுல இருக்குன்னு அம்மா சொல்றாங்க. எடுத்துத் தர முடியுமாண்ணே?” என்று கேட்டார்.

எடுக்கப் போனபோதுதான், 20 ஆண்டுகள் வாயில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளின் பொருள் எனக்கு உண்மையில் புரிந்தது.

நினைவகமும் சேமிப்பகமும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். செல்போனில் படம் எடுக்க இடமில்லை என்றால் “மெமரி ஃபுல்” என்கிறோம். நிறைந்தது பெரும்பாலும் மெமரி அல்ல, ஸ்டோரேஜ். மெமரி என்கிற நினைவகம் வகுப்பறைக் கரும்பலகை மாதிரி. பாடம் நடக்கும்வரை எழுத்து இருக்கும்; மணி அடித்தால் அழிந்துவிடும். கரண்ட் போனால் நினைவகத்தில் இருந்ததும் போய்விடும். ஸ்டோரேஜ் என்கிற சேமிப்பகம் மாணவனின் நோட்டு. பள்ளிக்கூடம் பூட்டிய பிறகும் எழுத்து இருக்கும். என் கடையில் இருந்த 486 கணிப்பொறியில் நினைவகம் 8 எம்.பி., வன்தட்டு 540 எம்.பி. பலகை சின்னது, நோட்டு பெரியது.

அடுத்தது அளவு. ஆம், இல்லை என்று ஒரே ஒரு விடையை வைத்துக்கொள்ளும் இடம் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆங்கிலத்தில் எழுதும்போது பிட்டுக்குச் சின்ன ‘பி’, பைட்டுக்குப் பெரிய ‘பி’. சேமிப்பைப் பைட்டில் சொல்வார்கள், இணைய வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு என்றால், நொடிக்கு 100 எம்.பி. இறங்காது, எட்டால் வகுக்க வேண்டும், பன்னிரண்டரைதான்.

இன்னொன்று: 500 ஜி.பி. டிஸ்க் வாங்கி வந்து மாட்டினால் கணிப்பொறி 465 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். பல கணிப்பொறிகள் 1024, 1024 ஆக எண்ணுகின்றன. மரக்கால் வேறு, நெல் ஒன்றுதான்.

இந்த ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி. என்று போட்டிருக்கிறது. இதற்குள்ளே ஒரு மெல்லிய வட்டத் தகடு, மேலே காந்தப் பூச்சு. செக்கு மாடு சுற்றுகிற தடம் மாதிரி ஒரு பக்கத்துக்கு 80 வட்டத் தடங்கள். அவற்றுக்கு டிராக் என்று பெயர். ஒவ்வொரு தடத்தையும் 18 பாத்தியாகப் பிரித்திருக்கிறார்கள், அது செக்டர். ஒரு செக்டருக்கு 512 பைட். இரண்டு பக்கம். பெருக்கிப் பாருங்கள்: 14,74,560 பைட். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். மொத்தம் 50 லட்சம் எழுத்துகள்தான் பிடிக்கும். இன்றைக்கு ஒரு செல்போன் புகைப்படத்துக்குச் சரியாக இருக்கும்.

மடைதான் இடைமுகம்

இப்போது முக்கியமான வார்த்தைக்கு வருகிறேன். இன்டர்ஃபேஸ். தமிழில் இடைமுகம் என்கிறோம்.

நம்முடையது கண்மாய்களை நம்பி வாழும் மாவட்டம். கண்மாய் நிறைய நீர் கிடக்கிறது. வயல் கீழே காய்கிறது. நடுவில் கரை. கரையில் மடை இருந்தால்தான் நீர் வயலுக்கு வரும். மடை தூர்ந்து போனால், கண்மாய் நிறைந்திருந்தும் பயிர் கருகும். சேமிப்புச் சாதனம் கண்மாய், கணிப்பொறி வயல், இரண்டுக்கும் நடுவிலுள்ள மடைதான் இடைமுகம்.

ஒரு இடைமுகத்தில் மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். ஒன்று, உருவம்: செருகியும் துளையும் பொருந்த வேண்டும். இரண்டு, மின்சாரம்: எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது ஒத்துப்போக வேண்டும். மூன்று, பேச்சு: “கொடு”, “இந்தா”, “பெற்றுக்கொண்டேன்” என்று இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் பேச வேண்டும். இந்தப் பேச்சொழுங்குக்குத்தான் புரோட்டகால் என்று பெயர். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், இதற்கு மூன்றுதான். ஆனால் மூன்றும் வேண்டும்.

ஃப்ளாப்பி டிரைவுக்கு 34 முனைகள் கொண்ட பட்டை ஒயர். பழைய வன்தட்டுக்கு ஐ.டி.இ. என்ற 40 முனைப் பட்டை. அதில் 16 பிட்டுகள் 16 கம்பிகளில் ஒரே நேரத்தில் போகும். இதற்குப் பேரலல், இணைநிலை என்று பெயர். 2003இல் சாட்டா வந்தது. அதில் மொத்தமே 7 முனை, பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இது சீரியல், தொடர்நிலை. “16 கம்பிய விட ரெண்டு கம்பி எப்படி சார் வேகம்?” என்று என் கடைப் பையன் கேட்டான். சாமி பல்லக்குத் தூக்குகிறவர்களைப் பாருங்கள். 16 பேரும் ஒரே காலடியில் நடக்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் எல்லாரும் நிற்க வேண்டும். அதனால் வேகமாக ஓட முடியாது. தனியாக ஓடுகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. கம்பிகள் கூடக் கூட, எல்லாப் பிட்டுகளும் ஒரே கணத்தில் போய்ச் சேர்வது கடினம்.

டிரைவ் வேறு, டிரைவர் வேறு என்பதையும் தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவ் என்பது தட்டைச் சுழற்றிப் படிக்கும் கருவி. டிரைவர் என்பது அந்தக் கருவியின் பாஷையை விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ எடுத்துச் சொல்லும் மென்பொருள். அந்தக் காலத்துத் துபாஷி மாதிரி. கருவி நன்றாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் பல சமயம் துபாஷிதான் ஊரில் இல்லை என்று பொருள்.

முன்பெல்லாம் மவுஸுக்கு ஒரு துளை, பிரின்டருக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை என்று கணிப்பொறியின் முதுகு முழுக்கத் துளைகள். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே மடை போதும் என்று 1996இல் வந்ததுதான் யு.எஸ்.பி. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய, பரோடாவில் படித்த, நம் நாட்டுக்காரர் அஜய் பட்டுக்கு உண்டு. அதன் கடைசி எழுத்து ‘பஸ்’. நம் டவுன் பஸ் மாதிரிதான். யார் வேண்டுமானாலும் ஏறலாம், எல்லாரும் ஒரே வழியில் போகலாம். முதலில் நொடிக்கு 12 மெகாபிட். 2000இல் 480. 2008இல் 5000. ஆனால் ஒரு எச்சரிக்கை: இப்போது செல்போனில் இருக்கும் ‘சி’ வகைச் செருகி என்பது உருவத்தின் பெயர் மட்டுமே, வேகத்தின் பெயர் அல்ல. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ஒயர்களில் ஒன்று 480இல் ஓடலாம், இன்னொன்று பல மடங்கு வேகத்தில் ஓடலாம்.

என் கதைக்கு வருகிறேன். 12 ஃப்ளாப்பியும் கையில் இருந்தது. ஃப்ளாப்பி டிரைவ் இல்லை. பழைய டிரைவ் ஒன்று காயலான் கடையில் கிடைத்தது. அந்த 34 முனைப் பட்டையைச் செருக இப்போதைய கணிப்பொறியில் இடமில்லை. சோனி நிறுவனம் 2011லேயே ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. மடை தூர்ந்துவிட்டது. கடைசியில் யு.எஸ்.பி.யில் மாட்டும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றைத் திருச்சியில் தேடி வாங்கினேன். நல்ல வேளையாக அது இந்த மூன்றரை அங்குலத் தட்டைப் படிக்கும்.

திறந்தது, ஆனால் புரியவில்லை

முதல் தட்டைப் போட்டேன். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் வந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. உடனே கோப்பைத் திறக்கத்தான் கை போயிற்று, ஆனாலும் அடக்கிக்கொண்டேன். பழைய தட்டை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் முனை உரசும். அதனால் முதலில் தட்டு முழுவதையும் செக்டர் செக்டராக அப்படியே நகல் எடுத்துவிட வேண்டும். அதற்கு இமேஜ் என்று பெயர். பிறகு அந்த நகலில்தான் வேலை செய்ய வேண்டும். இதை முதலிலேயே தெரிந்துவைத்திருந்த இன்றைய கணிப்பொறி அறிவியல் மாணவர்கள் இரண்டு பேர் என் பக்கத்தில் இருந்தார்கள்.

12இல் 9 தட்டுகள் முழுசாக வந்தன. இரண்டில் சில செக்டர்கள் போயிருந்தன. ஒன்றில் பூஞ்சை பிடித்துப் பூச்சே உரிந்து கிடந்தது. அதில் ஒன்றும் மிச்சமில்லை.

வந்த கோப்புகளைத் திறந்தால் தமிழே இல்லை. கேள்விக்குறி, டாலர் குறி, புள்ளி வைத்த அயல்மொழி எழுத்துகள். பொருளே இல்லாத வரிசை. கணிப்பொறிக்குள் எழுத்து இல்லை, எண்தான் இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தம் வேண்டும். அதற்கு என்கோடிங், குறியேற்றம் என்று பெயர். 90களில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ‘க’ என்றால் இன்னொருவருக்கு ‘று’. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. நான் அடித்தது 1997இல், இவை எல்லாவற்றுக்கும் முன்னால். அந்த எழுத்துரு இப்போது என்னிடமும் இல்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு தாள். ஐயா பிழை திருத்த வாங்கிப் போன ஒரே ஒரு புரூஃப் பக்கத்தை அவர் மகள் பாடப் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டு வைத்திருந்திருக்கிறார். அந்தப் பக்கத்தையும் திரையிலிருந்த கோலத்தையும் அடுத்தடுத்து வைத்து, இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று அட்டவணை போட்டோம். மாணவர்கள் அதை வைத்து ஒரு சின்ன மாற்றி நிரல் எழுதினார்கள். இரவு பதினொரு மணி இருக்கும். திரையில் “வால்கயிறு” என்று முதல் சொல் தமிழில் வந்தது. ஐயாவின் மகள் அதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நண்பர்களே, நம் குடுமியான்மலைக்குப் போயிருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு அங்கே பாறையில் இருக்கிறது. ஏழு பகுதிகள், 38 வரிகள். சுரங்களை நான்கு நான்காக அடுக்கி, மாணாக்கர்களின் நன்மைக்காகச் செய்ததாகவே அதில் சொல்லியிருக்கிறது. கல் கெடவில்லை. படிக்க எந்த டிரைவும் வேண்டாம், கண் போதும். எழுத்தையும் படித்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்று உயிர் மாறி மாறி வருகிறதே, அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. கல் இருக்கிறது, மடை இருக்கிறது, ஒப்பந்தம் மட்டும் மறந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்த புரூஃப் தாள் மாதிரி அந்தப் பாறைக்கு ஒன்று கிடைக்கவில்லை.

ஆகவே சேமிப்பு என்பது மூன்று பூட்டு. பொருள், இடைமுகம், குறியேற்றம். மூன்று சாவியும் இருந்தால்தான் பெட்டி திறக்கும்.

என் தவறு

இப்போது அந்தத் தவறு. ஐயாவின் சொற்கள் முழுவதும் ஒரே ஃப்ளாப்பியில் தாராளமாக அடங்கியிருக்கும். ஒரே தட்டில் போட்டு அது கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, எழுத்து வரிசைப்படி 12 தட்டுகளில் பிரித்துப் போட்டேன். வன்தட்டில் இருந்ததை இடம் வேண்டி அழித்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைத்தேன். 12 தட்டிலும் முழுசையும் போட்டிருந்தால், 9 தட்டு பிழைத்ததில் எல்லாமே பிழைத்திருக்கும். பிரித்து வைப்பது பாதுகாப்பு அல்ல. பெருக்கி வைப்பதுதான் பாதுகாப்பு. பேக்கப் என்ற வார்த்தையின் பொருள் அதுதான். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில் என்று இன்று சொல்கிறார்கள். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929லேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை அச்சிட்டுப் புத்தகமாக்கியது. கல்லுக்கே பேக்கப் எடுத்த ஊர்க்காரன் நான், எனக்குத் தோன்றவில்லை.

தம்பி தங்கையரே, பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் எழுத்து மின்னூட்டமாக நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்தால் கசியும். வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்குத் துடைக்கிற அன்றைக்காவது, எடுத்து மாட்டித் திறந்து பாருங்கள். புதுச் சாதனம் வந்தால், பழைய மடை தூரும் முன்னே மாற்றிவிடுங்கள். கோப்பை எல்லாரும் திறக்கக்கூடிய வடிவத்தில், யூனிகோடில் வையுங்கள். முக்கியமானதை ஒரு பிரதி காகிதத்திலும் எடுத்து வையுங்கள்.

நாங்களும் அப்படியே செய்தோம். ஐயாவின் சொற்களை அச்செடுத்துத் தைத்து, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு இன்று கொடுக்கிறேன். மறைந்துபோன அந்த ஒரு தட்டு ‘ம’ வரிசை. மண், மழை, மாடு, மடை, எல்லாம் அதில்தான் இருந்தன. மடை என்ற சொல்லுக்கு ஐயா என்ன எழுதியிருந்தார் என்று எனக்கு நினைவில்லை. நான்தான் அடித்தேன், ஆனாலும் நினைவில்லை.

புத்தகத்தில் ‘ம’ வரிசைக்கு வெற்றுப் பக்கங்கள் விட்டிருக்கிறோம். இங்கே எல்லா ஒன்றியத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊரில் மண்ணுக்கும் மாட்டுக்கும் மடைக்கும் என்னென்ன பெயர் உண்டு என்று அப்பா, அம்மா, அப்பத்தாவிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பச்சை மசிப் பேனாவும் வைத்திருக்கிறேன்.